மனைவி: ஏழுமலை, வயது 41

மனிதவளத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

எங்கள் காலத்தில் உங்கள் துறைக்கு இத்தனை கம்பீரமான பெயர் கிடையாது. ‘பர்சனல்’ என்பார்கள். வேலைநீக்க உத்தரவுகள் அங்கிருந்துதான் கிளம்பும் என்பதால் மெஷினில் நின்றவர்கள் அதை ‘பார்சல் ஆபீஸ்’ என்றார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மின் சுவிட்சு செய்யும் ஒரு கம்பெனியில் அந்தப் பார்சல் ஆபீசை இருபது வருடங்களுக்கு மேல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பணிக்கொடை வாங்கியாகிவிட்டது. பிரிவுபசார விழாவில் போர்த்திய சால்வையும் வீட்டில் டிவிக்கு உறையாகிவிட்டது. இனி என்மீது யாரும் விசாரணை வைக்க முடியாது. அந்தத் தைரியத்தில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்.

என் பதவிக் காலத்தில் நாற்பது ஆண்பிள்ளைகளை, முறைப்படி அட்டை போட்டு, முத்திரை குத்தி, மனைவிகளாக ஆக்கியிருக்கிறேன். அதில் முதல் மனைவிக்குப் பெரிய மீசை இருந்தது.

சிரிக்காதீர்கள், நாளைக்கு நீங்களும் செய்வீர்கள். ஊதிய ஒப்பந்தம் ஒன்றை உங்கள் கையில் கொடுத்தால் நேராகச் சம்பளப் பக்கத்துக்குத்தான் போவீர்கள். அதற்கு முன்னால் ‘வரையறைகள்’ என்று ஒரு பக்கம் இருக்கும். ‘கம்பெனி என்பது’, ‘தொழிலாளி என்பது’, ‘மாதம் என்பது’, ‘குடும்பம் என்பது’ என்று வரிசையாக வரும். மாதம் என்றால் என்னவென்று தெரியாதவன் உலகத்தில் உண்டா என்று நினைத்துத் தாண்டிப் போவோம். சம்பளப் பக்கத்தில் ஐம்பது காசுக்கு ஆறு மாதம் சண்டை போடுவோம். ஆனால் எது யாருக்குப் போய்ச் சேரும், யாருக்குச் சேராது என்று தீர்மானிப்பது அந்தத் தாண்டிப் போன பக்கம். அது நமக்குத் தெரியவரும்போது கையெழுத்து காய்ந்து போயிருக்கும்.

எங்களுக்குள் இன்னொரு வழக்கமும் இருந்தது. தொழிற்பேட்டையின் பர்சனல் ஆபீசர்கள் சனிக்கிழமை மதியம் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு டிபன் கடையில் கூடுவோம். ரவா தோசை வரும்வரை அவரவர் முதலாளியைத் திட்டுவோம். காபி வந்ததும் ஒப்பந்தங்களின் கார்பன் நகல்கள் கைமாறும். ஒருவர் கம்பெனியில் முடிந்த ஒப்பந்தத்தை இன்னொருவர் வாங்கிப்போய், பெயரை மாற்றி, சம்பளத்தை மாற்றி, தன் சொந்தச் சரக்கு போல மேலிடத்தில் நீட்டுவார். இன்று கன்சல்டன்ட்டுகள் செய்வதும் இதேதான். அவர்கள் பளபளவென்று அட்டை போட்டுத் தருகிறார்கள், நாங்கள் சட்னிக் கறையோடு கொடுத்தோம்.

எண்பதுகளின் பிற்பகுதியில் எங்கள் கம்பெனிக்குப் புதிய ஒப்பந்தம் எழுத வேண்டி வந்தபோது, நான் இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு ஃபவுண்டரியின் ஒப்பந்தத்தை இரவல் வாங்கினேன். நல்ல தமிழ், நல்ல வரிசை. இரண்டே நாளில் பெயர்களை மாற்றி முடித்தேன். தொழிலாளர் அலுவலர் முன்னிலையில் இரு தரப்பும் கையெழுத்திட்டோம். மூன்று வருடத்துக்கு அதுதான் எங்களுக்கு வேதம்.

முதல் மாதமே சங்கச் செயலாளர் துரைராஜ் என் அறைக்கு வந்தார். ஃபிட்டர், ஐம்பது வயது, கம்பெனி முழுக்க அவரை ‘அண்ணாத்தே’ என்றுதான் கூப்பிடும். ஒப்பந்தத்தின் பதினேழாம் பக்கத்தைத் திறந்து என் மேசையில் வைத்தார்.

“சார், வெல்லம் எப்போ குடுப்பீங்க?”

“எந்த வெல்லம்?”

அவர் விரல் வைத்த இடத்தில் ‘தூசு படும் பணியில் இருப்போருக்கு நாள்தோறும் வெல்லம் வழங்கப்படும்’ என்று இருந்தது. தூசு தொண்டையில் தங்காமல் இருக்க ஃபவுண்டரிகளில் வெல்லம் கொடுப்பார்கள். சுவிட்சுக் கம்பெனியில் ஏது உலை, ஏது தூசு? ஆனால் ‘தூசு படும் பணி’ என்றால் என்ன என்று வரையறைப் பக்கத்தில் நான் எழுதவில்லை. எழுதாததால் அண்ணாத்தே எழுதிக்கொண்டார்.

“அட்டைப்பொட்டி செக்‌ஷன்ல தூசு கீது சார். ஸ்டோர்ஸ்ல கீது. உங்க ஃபேன் மேலகூட இன்னா தூசு கீது பாருங்க.”

நிமிர்ந்து பார்த்தேன். இருந்தது. அன்றிலிருந்து முந்நூற்றைம்பது பேருக்கு வெல்லம். எங்கள் ஸ்டோர்ஸ் கீப்பர் சுவிட்சுகளை விட்டுவிட்டு எறும்போடு போராட ஆரம்பித்தார். இதை வெறும் கேலிக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த வெல்லம் சீக்கிரமே ஒரு மனிதனின் உயிருக்குக் குறுக்கே வந்து நின்றது.

அந்த ஒப்பந்தத்தில் நல்ல அம்சம் ஒன்று இருந்தது. சம்பளம் கூடியதில் எங்கள் ஆட்கள் பெரும்பாலோர் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டின் சம்பள வரம்பைத் தாண்டிவிட்டார்கள். அதற்குப் பதிலாகப் பூந்தமல்லிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் கம்பெனி செலவில் சிகிச்சை என்று ஏற்பாடு. ஆளுக்கு ஒரு மருத்துவ அட்டை. அதற்கான படிவத்தை எல்லோருக்கும் கொடுத்தேன். தொழிலாளி பெயர், மனைவி பெயர், வயது, குழந்தைகள் என்று கட்டங்கள்.

ஒரு மதிய இடைவேளையில் அசெம்பிளியிலிருந்து கன்னியம்மா அந்தப் படிவத்தோடு வந்தார். வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருபவர், முப்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசாத பெண்மணி.

“சார், ஃபாரத்துல ஒரு டவுட்டு.”

“கேளுங்கம்மா.”

“எனக்கு சம்சாரம் இல்ல சார். ஊட்டுக்காரர்தான் கீறாரு. அவர எந்தக் கட்டத்துல எய்தறது?”

படிவத்தை வாங்கிப் பார்த்தேன். பிறகு மேசையில் குவிந்திருந்த மற்றப் படிவங்களையும் புரட்டினேன். கன்னியம்மாவைச் சேர்த்துக் கல்யாணமான பெண்கள் நாற்பது பேர். மற்றவர்கள் மனைவி என்ற கட்டத்தில் கோடு போட்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் ‘இன்னும் இல்லை’ என்று எழுதியிருந்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒப்பந்தத்தை எடுத்து வரையறைப் பக்கத்தைத் திறந்தேன். ‘குடும்பம் என்பது தொழிலாளியின் மனைவியையும், அவரைச் சார்ந்து வாழும் குழந்தைகளையும் மட்டுமே குறிக்கும்.’

ஃபவுண்டரியில் பெண்கள் கிடையாது. அவர்களுக்கு அந்த வரையறை போதும். அசெம்பிளியில் பெண்கள் உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டே நடந்துபோகும் எனக்கு அது உறைக்கவில்லை. அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. ஃபவுண்டரி ஒப்பந்தத்தில் ‘மட்டுமே’ என்ற சொல் இல்லை. மாமியார், மச்சினன் எல்லாம் நுழைந்துவிடக் கூடாதென்று நானாகச் சேர்த்தது அது. ஜெனரல் மேனேஜர் அந்த இடத்தில் பேனாவால் ஒரு டிக் போட்டுப் பாராட்டியிருந்தார். அந்த டிக்கை வீட்டில் என் மனைவியிடம்கூடக் காட்டிப் பெருமைப்பட்டிருந்தேன்.

“அவருக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?” என்று கேட்டேன்.

“குடலெறக்கம் சார். ஆவடியில மரவாடியில மர லோடு தூக்குது. டாக்டரு ஆப்பரேசன் பண்ணியே ஆவணும்னுட்டாரு. வுட்டா ஒருநாளு கொடலு முறுக்கிக்குமாம், அப்பால காப்பாத்த முடியாதாம். பெரியாஸ்பத்திரில மூணு மாசம் கயிச்சி தேதி குடுத்துகிறாங்க. அதுவரைக்கும் லோடு தூக்காதன்றாங்க. சொன்னா கேக்குதா அது?”

இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா, ‘கணவர்’ என்று ஒரு வார்த்தை சேர்த்தால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு ஜி.எம். அறைக்குப் போனேன். அவர் கோப்பை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

“டெஃபனிஷன் என்ன சொல்லுது?”

“மனைவி, குழந்தைகள் மட்டுமே சார்.”

“யார் எழுதினது?”

“நான்தான் சார்.”

“நல்லா எழுதியிருக்கீங்க. அப்படியே ஃபாலோ பண்ணுங்க.”

அவர் கெட்ட மனிதர் அல்ல. ஒரு வார்த்தை சேர்க்க வேண்டுமென்றாலும் இரு தரப்பும் மறுபடி உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். மூடிய ஒப்பந்தத்தைத் திறந்தால் சங்கம் பன்னிரண்டு கோரிக்கையோடு வரும் என்று பயந்தார். சரி, சங்கமே கேட்டால் என்ன செய்வார் பார்க்கலாம் என்று அண்ணாத்தேயைக் கூப்பிட்டேன். அவர் என் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ஓப்பன் பண்ணா மொதல்ல வெல்லம் பூடும் சார். முந்நூத்தம்பது பேரும் என்னத் தொங்க வுட்ருவானுங்க.”

“ஒரு ஆளோட உயிர் அண்ணாத்தே.”

“பாவம்தான் சார். எனக்கு மட்டும் மனசு இல்லியா? ஆனா மெஜாரிட்டின்னு ஒண்ணு கீதே.”

வெல்லத்துக்காக ஒரு மனிதனை விடுவதா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் போன பிறகு அந்த ஆத்திரம் என் பக்கமே திரும்பியது. வெல்லத்தைக் கொண்டுவந்ததும் நான், ‘மட்டுமே’ போட்டதும் நான். ஜி.எம். பயத்தையும் அண்ணாத்தே பயத்தையும் ஒரே பேனாவால் எழுதிவிட்டு, நடுவில் உத்தமன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பத்து நாள் போயிற்று. கன்னியம்மா தினமும் சாப்பாட்டு நேரத்தில் என் அறை வாசலில் நிற்பார். எதுவும் கேட்கமாட்டார். நான் ‘பார்க்கறேம்மா’ என்பேன், போய்விடுவார். இந்தத் துறையில் அதிகம் பொய்யாகப் புழங்கும் வார்த்தை ‘பார்க்கறேன்’ என்பதுதான். பதினோராம் நாள் அவர் போகவில்லை.

“நேத்து வலி தாங்காம செவுத்துல தலைய மோதிக்கிச்சு சார். முன்ன அமுக்குனா உள்ள போன கட்டி இப்போ சீக்கிரம் போவ மாட்டேங்குது. எனக்கு பயமா கீது.”

அவர் போனதும் எங்கள் ஸ்டெனோ டைப் அடிப்பதை நிறுத்தினார். பெயர் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால் சொல்லவில்லை. பதவியில் எனக்குக் கீழே, வயதில் எனக்கு ஒரு வருடம் சின்னவர். எங்கள் கம்பெனியில் எல்லாப் பக்கத்தையும் படித்த ஒரே ஆள் அவர்தான். அடிப்பவர் என்பதால் வேறு வழியில்லை.

“சார், அந்தப் படிவத்துல மனைவி பேர் என்னன்னு ஒரு கட்டம் இருக்கு. ஆணா பெண்ணான்னு கேட்கற கட்டம் இருக்கா?”

“இல்லை.”

“அட்டையிலே?”

“அதுலயும் இல்லை.”

“அப்போ வீட்டுக்காரர் ஏழுமலை பேரை அடிச்சுடட்டுமா?”

எனக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் சந்தோஷத்தில் திருட்டுப் புத்தி வேலை செய்தது. ஜி.எம். ஒரே மூச்சில் ஐம்பது அட்டை கையெழுத்துப் போடுவார், நடுவில் செருகிவிட்டால் பார்க்கமாட்டார், இருபத்தைந்தாவதாக வைக்கலாம் என்றேன். ஸ்டெனோ என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

“நடுவுல வச்சா அது மோசடி சார். உங்க வேலை போகும், என் வேலையும் போகும், கன்னியம்மா வேலையும் போகும். மேல வைங்க. மேல வச்சா அது விளக்கம்.”

இருபது வருட அனுபவத்தில் நான் கேட்ட ஆகச் சிறந்த சட்ட ஆலோசனை அதுதான். உங்களிடம் ஒட்டாத வரையறையும் உண்மையான தேவையும் ஒன்றாக வந்து நிற்கும். வளைக்கத்தான் வேண்டியிருக்கும். வளைப்பதை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் செய்யுங்கள். கோப்பில் ஒரு குறிப்பு எழுதினேன். ‘தொழிலாளி பெண்ணாக இருக்கும் இடத்தில், மனைவி என்ற சொல்லுக்கு அவரை மணந்தவர் என்று பொருள் கொள்ளப்படுகிறது.’ கீழே என் பெயர், பதவி, தேதி. கூடவே இன்னொரு காகிதமும் தயார் செய்தேன். ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டி சங்கத்தைப் பேச்சுவார்த்தைக்கு அழைக்கும் கடிதம். அட்டைக் கட்டின் மேலே கன்னியம்மாவின் அட்டையை வைத்து, இந்த இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஜி.எம்.மிடம் போனேன்.

அவர் மேலே இருந்த அட்டையை எடுத்தார். தொழிலாளி: கன்னியம்மா. மனைவி: ஏழுமலை, வயது 41. ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

“ஏழுமலைங்கறது?”

“ஆம்பளைதான் சார். ஒப்பந்தத்துல அந்த ஒரு கட்டம்தான் இருக்கு.”

“ஆடிட்டர் கேட்டா?”

“குறிப்பு எழுதி வச்சிருக்கேன் சார். என் கையெழுத்து. எதையும் மறைக்கலை.”

“அந்த இன்னொரு பேப்பர் என்ன?”

“ஒப்பந்தத்தைத் திறக்கச் சொல்லி சங்கத்துக்குக் கடிதம் சார். அட்டை வேண்டாம்னா இதுல கையெழுத்துப் போடணும்.”

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். குறிப்பைப் படித்தார். ஜன்னல் வழியாக அசெம்பிளி பக்கம் பார்த்தார். அவ்வளவு நேரமும் நான் நின்றுகொண்டிருந்தேன், உட்காரச் சொல்லவில்லை.

“ஆளுக்கு மீசை இருக்கா?”

“பெரிய மீசையாம் சார்.”

அட்டையில் கையெழுத்துப் போட்டார். “போட்டோ மட்டும் ஒட்டிடாதீங்க” என்றார்.

அந்த ஒன்று நடந்ததும் மற்ற முப்பத்தொன்பதும் தானாக நடந்தன. மூன்று வருடம் கழித்து அடுத்த ஒப்பந்தத்தில் ‘கணவன் அல்லது மனைவி’ என்று எழுதினோம். ‘மட்டுமே’யை நானே அடித்து நீக்கினேன். ஆனால் அது பின்கதை. அட்டை கிடைத்துவிட்டது, இனி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான் பாக்கி என்று நான் நிம்மதியாக இருந்தேன். அட்டையை வாங்கப் போகிறவருக்கும் ஒரு மனசு உண்டு என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மதியம் மூன்று மணி ஷிப்ட் மாறும் நேரம் வாட்ச்மேன் ஓடிவந்தார். கேட்டில் ஒருவர் என் பெயரைச் சொல்லிச் சத்தம் போடுகிறார் என்றார். போனேன். கறுத்து அகன்ற ஆள். முறுக்கிவிட்ட மீசை. இடது கையால் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு கொஞ்சம் குனிந்தே நின்றிருந்தார். வலது கையில் அட்டை. ஷிப்ட் முடிந்து வெளியே வந்த அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள்.

“நீதான் ஆபீசரா? இன்னா எய்திகீற இதுல? நான் பொம்பளையா? மரவாடில அத்தினி பேரும் கைதட்டி சிரிக்கிறான்.”

“அண்ணே, கோபப்படாதீங்க. ஒப்பந்தத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு. அது என் தப்பு. அதைச் சரி பண்ண இப்போதைக்கு இதுதான் வழி. இந்த ஒப்பந்தத்தின் நோக்கத்துக்கு மட்டும்தான் நீங்க மனைவி. வெளியில கிடையாது.”

“ஆஸ்பத்திரி வெளியதானே கீது?”

நாலு வழக்கறிஞர்களோடு வாதாடியவன் நான். அந்த ஒரு கேள்விக்கு இன்றுவரை பதில் கண்டுபிடிக்கவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஏழுமலை அட்டையை இரண்டு கையாலும் பிடித்தார். கிழிக்கப் போகிறார் என்று தெரிந்தது. வயிற்றிலிருந்து கையை எடுத்ததும் வலியில் முகம் கோணியது. அந்த அட்டை கிழிந்தால் ஜி.எம்.மிடம் இரண்டாவது முறை போக எனக்குத் துணிச்சல் இருக்காது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கன்னியம்மா வந்தார். அசெம்பிளியில் அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

“கிழிக்கறியா? கிழி. அதுக்கு மின்ன ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. ரேசன் கார்டுல இன்னா கீது? ஏழுமலை சம்சாரம். ஓட்டு லிஸ்ட்ல இன்னா கீது? ஏழுமலை சம்சாரம். பொண்ண இஸ்கூல்ல சேக்கறப்போ, பேங்குல குந்திகினு இருந்தப்போ, எங்க போனாலும் உன் பேர ஒட்டிக்கினுதான் போனேன். பதினாறு வருசம். எனக்கு எதுனா கொறஞ்சிச்சா? எவனாவது கைதட்டி சிரிச்சானா? நீ ஒரே ஒரு தபா என் பேர ஒட்டிக்கினு போய் உசுரோட வா. எனக்கு அது போதும்.”

யாரும் சிரிக்கவில்லை. அண்ணாத்தே தலையைக் குனிந்துகொண்டு ஒரு ஓரமாக நின்றிருந்தார். ஏழுமலை அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி வயிற்றை அழுத்திப் பிடித்தார்.

“ஒரு ஆட்டோ சொல்லு” என்றார். என்னிடம்தான் சொன்னார்.

குறிப்பு எழுதிய கோப்பை எடுத்துக்கொண்டு நானும் கூடவே போனேன். ஆட்டோ அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி போய்ச் சேர்வதற்குள் அவருக்கு இரண்டு முறை வாந்தி வந்துவிட்டது. கன்னியம்மா அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தார். மருத்துவமனை வரவேற்பில் இருந்தவர் அட்டையை வாங்கிக்கொண்டு எங்களை உட்காரச் சொன்னார். கூடத்தில் முப்பது பேராவது இருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து உரக்கக் கூப்பிட்டார்.

“கன்னியம்மா மனைவி ஏழுமலை. யாருங்க ஏழுமலை?”

கூடமே திரும்பியது. ஏழுமலை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வரவேற்பில் இருந்தவர் மீசையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார்.

“கம்பெனியில தப்பா அடிச்சிருக்காங்க. திருத்தி வாங்கிட்டு நாளைக்கு வாங்க.”

கோப்பைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் போனேன். குறிப்பு, கையெழுத்து, விளக்கம் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அதற்குள் ஏழுமலை அந்த மேசையில் கையை ஊன்றி நின்றுவிட்டார்.

“தப்பு இல்லபா. கரீட்டாத்தான் கீது. நான் அவுங்க சம்சாரம். எய்திக்க.”

அந்த மனிதர் எழுதிக்கொண்டார். அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்றைக்கே செய்ய வேண்டும், நேரத்துக்கு வந்துவிட்டீர்கள், பயப்பட ஒன்றுமில்லை, இரண்டு வாரத்தில் நடமாடலாம் என்றார். சக்கரப் படுக்கையில் படுக்கவைத்தார்கள். ஒரு நர்ஸ் இரண்டு தாள் சேர்த்த சம்மதப் படிவத்தோடு வந்தார். பிரசவம் அதிகம் பார்க்கும் மருத்துவமனை அது. படிவத்தின் அடியில் ‘கணவர் கையெழுத்து’ என்று அச்சடித்திருந்தது.

நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் கன்னியம்மாவைப் பார்த்தேன். அச்சடித்ததை அடித்துவிட்டுப் பக்கத்தில் ‘உறவினர்’ என்று எழுதிக்கொள்ளலாம், அதுதான் முறை என்று சொல்ல வாயெடுத்தேன். கன்னியம்மா நான் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. நர்ஸ் கையிலிருந்த பேனாவை வாங்கி, படிவத்தைப் படுக்கையின் விளிம்பில் வைத்து, அந்தக் கோட்டின் மேல் தன் பெயரை எழுத ஆரம்பித்தார். அவசரத்தில் முதல் எழுத்தே சரியாக விழவில்லை.

படுத்திருந்த ஏழுமலை தலையை மட்டும் திருப்பி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவசரம் இல்ல, நல்லா அழுத்திப் போடு” என்றார். “கீய கார்பன் கீது.”